எந்த ஊர்க் காலின்ஸ்? ஒரு குடும்பப்பெயரை ஏட்டிலும் மரபணுவிலும் பிரித்துப் பார்த்த வேலைக் குறிப்பு

காலின்ஸ் என்ற குடும்பப்பெயரின் வேரைத் தேடுகிறவர்களில் பலர் முதல் வேலையாகக் கன்னத் திசு மாதிரியை அனுப்பிவிடுகிறார்கள். முடிவு வந்த பிறகுதான் ஊரைத் தேடத் தொடங்குகிறார்கள். இந்தப் பெயருக்கு அந்த வரிசை சரிப்படாது. ஊர் முதலில், பஞ்சுக்குச்சி பிறகு. காலின்ஸ் என்பது ஒரே குடும்பத்தின் பெயர் அல்ல என்பதுதான் காரணம். அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் தனித்தனியாக, வேறு வேறு சொற்களிலிருந்து பிறந்து, எழுத்தில் மட்டும் ஒன்றாகிப்போன பெயர் இது. மரபணுச் சோதனை இரண்டு ஆண்கள் ஒரே கொடியா வேறு கொடியா என்று சொல்லும். எந்தக் கொடி எந்த மண்ணில் முளைத்தது என்பதை ஏடுதான் சொல்ல வேண்டும்.

பெயரின் இரண்டு பிறப்பு

ஆங்கிலப் பக்கம் எளிது. நிக்கலஸ் என்ற புனிதரின் பெயர் இடைக்கால இங்கிலாந்தில் மிகப் பரவலாக வைக்கப்பட்டது. அதன் சுருக்கம் கோல். பிரெஞ்சுச் செல்ல விகுதி சேர்ந்தால் கோலின். கடைசியில் ஓர் 'ஸ்' சேர்ந்தால் கோலினுடைய மகன் என்று பொருள். பல ஊர்களில் பல கோலின்கள் இருந்தார்கள். 1250 முதல் 1400 வரையிலான காலத்தில் இங்கிலாந்தில் குடும்பப்பெயர்கள் நிலைத்தபோது அவர்களின் பிள்ளைகள் அவரவர் ஊரில் காலின்ஸ் ஆனார்கள். ஆகவே ஆங்கிலக் காலின்ஸ்களுக்கு ஒரே மூதாதை இருக்க வாய்ப்பே இல்லை. ஸ்காட்லாந்தில் கேம்பல் குலத்தார் வைத்துக்கொண்ட கோலின் வேறு. அது கைலன் என்ற கேலிக் பெயரிலிருந்து வந்தது, அதற்கும் நிக்கலஸுக்கும் தொடர்பில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கி எழுதிய வம்சாவளிகள் நிறையச் சுற்றுகின்றன, கவனம் தேவை.

அயர்லாந்துப் பக்கம் மூலப்பெயர் ஓ குலான். ஐரிஷில் அந்தச் சொல்லுக்கு நாய்க்குட்டி என்று பொருள். வேட்டைநாயின் பெயரால் வீரனை அழைப்பது அந்த மொழியில் பழைய வழக்கம், அதில் இழிவு இல்லை. 'ஓ' என்றால் பேரன், பேரன் வழி வந்தவன். 'மாக்' என்றால் மகன். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது என்று தெரிந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவிலேயே மிகப் பழைய பரம்பரைக் குடும்பப்பெயர்களில் ஐரிஷ் பெயர்கள் அடங்கும். 916ஆம் ஆண்டில் கால்வே பகுதித் தலைவர் ஒருவரின் மரணத்தைக் குறிக்கும் ஆண்டுக்குறிப்பில் உவா கிளேரிக் என்ற பெயர் வருகிறது. இங்கிலாந்தைவிட 300 ஆண்டுகளுக்கு மேல் முந்தியது அது.

ஓ குலான்கள் லிமெரிக் மாவட்டத்தின் மேற்கில் ஈ ஹொனல் கவ்ரா என்ற ஆட்சிப்பகுதியின் தலைவர்கள். இன்றும் அங்கே கொனெல்லோ என்ற நிலப்பிரிவுப் பெயர் மிஞ்சியிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் நார்மன் வழி வந்த ஃபிட்ஸ்ஜெரால்டுகள் நெருக்கியபோது அவர்களில் ஒரு பகுதியினர் தெற்கே இறங்கி மேற்குக் கார்க்கில் குடியேறினார்கள். இன்றைக்கும் அயர்லாந்தில் இந்தப் பெயர் அடர்த்தியாக இருப்பது கார்க்கிலும் லிமெரிக்கிலும்தான். ஆங்கிலேய எழுத்தர்கள் ஓ குலானை முதலில் குலேன் என்று காதில் விழுந்தபடி எழுதினார்கள். பிறகு தங்களுக்குப் பழக்கமான காலின்ஸ் என்ற பெயரில் கொண்டுபோய் அடைத்தார்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1465இல் ஆங்கில ஆட்சி நடந்த டப்ளின் சுற்றுவட்டார மாவட்டங்களில் வாழ்ந்த ஐரிஷ்காரர்கள் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். ஊர்ப்பெயர், நிறத்தின் பெயர், தொழிலின் பெயர் என்று மாதிரிகளும் கொடுத்தார்கள். அந்த வகைப் பெயர்களையும் காலின்ஸையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. கொல்லன் என்று பொருள்படும் மாக் கவன் என்ற பெயர் ஸ்மித் ஆனது மொழிபெயர்ப்பு. காலின்ஸ் வெறும் ஒலி ஒற்றுமை. ஸ்மித்தின் பொருளைப் பிடித்துக்கொண்டு ஐரிஷ் மூலத்துக்குப் போகலாம். காலின்ஸின் பொருளைப் பிடித்துக்கொண்டு போனால் நிக்கலஸில்தான் முட்டி நிற்கும்.

பொதுவாழ்வில் தெரிந்தவர்களையே எடுத்துக்கொள்ளலாம். 1890இல் மேற்குக் கார்க்கின் குளோனகில்டி அருகே பிறந்த ஐரிஷ் விடுதலைப் போராட்டத் தலைவர் மைக்கேல் காலின்ஸ் ஐரிஷில் மிஹால் ஓ குலான். 1721இல் சிச்செஸ்டரில் பிறந்த கவிஞர் வில்லியம் காலின்ஸ் தென் இங்கிலாந்துக்காரர். 1788இல் லண்டனில் பிறந்த ஓவியர் வில்லியம் காலின்ஸின் தந்தையோ அயர்லாந்தின் விக்லோவிலிருந்து வந்தவர். நாவலாசிரியர் வில்கி காலின்ஸ் இந்த ஓவியரின் மகன். பிறந்த ஊரை மட்டும் பார்த்தால் இந்தக் கிளையை ஆங்கிலப் பக்கத்தில் போட்டுவிடுவோம்.

முதல் கட்டம்: ஏடு

பின்னோக்கித்தான் நடக்க வேண்டும். 1911, 1901 அயர்லாந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டிலும் ஒரே குடும்பத்தைக் கண்டுபிடித்து வயதை ஒப்பிட்டால், பத்து ஆண்டில் சிலருக்குப் பதினைந்து வயது கூடியிருக்கும். 1908இல் வந்த முதியோர் ஓய்வூதியச் சட்டம் 70 வயதானவர்களுக்குப் பணம் கொடுத்தது. பிறப்புச் சான்று இல்லாதவர்கள் 1911இல் தாராளமாக வயதைக் கூட்டிச் சொன்னார்கள். ஆகவே முதியவர்களுக்கு 1901இன் வயதை நம்புங்கள், 1911ஐ எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது குடிமைப் பதிவு. பிறப்பு, இறப்பு, எல்லா மதத் திருமணங்களும் 1864 முதல் உண்டு. கத்தோலிக்கர் அல்லாதோர் திருமணம் 1845 முதல். பிறந்த தேதி ஞானஸ்நானத் தேதிக்குப் பின்னால் இருந்தால் திகைக்க வேண்டாம். தாமதமாகப் பதிந்தால் தண்டம் கட்ட வேண்டும் என்பதால் பெற்றோர் தேதியைத் தள்ளிச் சொன்ன பதிவுகள் ஏராளம். ஞானஸ்நானத் தேதியே சரி.

1864க்கு முன்னால் பங்குப் பதிவேடுகள்தான் துணை. பங்கு என்பது ஒரு கோயிலைச் சேர்ந்த வட்டாரம். அயர்லாந்து தேசிய நூலகம் 2015இல் கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேட்டுப் படங்களை இலவசமாகத் திறந்துவிட்டது. பெயர்கள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். ஞானப் பெற்றோர் பெயரைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பங்கில் ஒரே ஆண்டில் இரண்டு டேனியல் காலின்ஸ்கள் பிறந்திருந்தால் அவர்களைப் பிரிக்க வேறு வழி இருக்காது. மேற்குக் கார்க்கின் பல பங்குகளில் ஏடு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு நின்றுவிடும்.

அங்கே நின்றதும் நிலவரிப் பட்டியல்களுக்குப் போகலாம். கிரிஃபித் மதிப்பீடு 1847 முதல் 1864 வரை நடந்தது. திருச்சபை வரிக்கான தசமபாகப் பட்டியல்கள் 1823 முதல் 1837 வரை. இரண்டிலும் ஒரே நிலம் வேறு வேறு பரப்பில் இருக்கும், அதைப் பார்த்து வேறு குடும்பம் என்று முடிவு கட்டாதீர்கள். தசமபாகப் பட்டியல்களில் பல ஐரிஷ் ஏக்கரில் எழுதப்பட்டவை. ஒரு ஐரிஷ் ஏக்கர் ஏறத்தாழ 1.62 சாதாரண ஏக்கர். கிரிஃபித்தில் இன்னொரு பொக்கிஷம் உண்டு. ஒரே சிற்றூரில் இரண்டு ஜெரமையா காலின்ஸ் இருந்தால், பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் டெனிஸ் என்று இன்னொரு பெயர் இருக்கும். அது அநேகமாகத் தந்தையின் பெயர். நம் இனிஷியல் செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது. படியெடுத்த பட்டியல்களில் இந்த அடைப்பு விடுபட்டுப்போகும், மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

இவ்வளவு சுற்றுவதற்குக் காரணம் 1922. டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் அந்த ஆண்டு ஜூன் இறுதியில் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி அதோடு போனது. 1861 முதல் 1891 வரையிலானவை அதற்கு முன்பே அரசின் கையாலேயே அழிக்கப்பட்டவை. இரண்டையும் தீயின் கணக்கில் எழுதுவது வழக்கமான தவறு.

தேடலின் இலக்கு டவுன்லாந்து எனப்படும் மிகச் சிறிய நிலப்பிரிவு. அயர்லாந்தில் 60,000க்கு மேல் இருக்கின்றன. 'கார்க் மாவட்டம்' என்று மட்டும் தெரிந்தால் வேலை தொடங்கவில்லை என்று பொருள்.

இங்கிலாந்தில் இருக்கும் காலின்ஸைப் பிரிப்பது எப்படி

இதுதான் அதிகம் சிக்கல் தரும் இடம். பெருமளவில் ஐரிஷ்காரர்கள் 1845க்குப் பிறகான பஞ்ச காலத்தில் லிவர்பூலுக்கும் லண்டனுக்கும் வந்தார்கள். 1841 ஆங்கிலக் கணக்கெடுப்பில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதினார்கள். அயர்லாந்தில் பிறந்தவருக்கு ஒற்றை எழுத்துதான் அடையாளம். 1851 முதல் பிறந்த ஊர் கேட்கப்பட்டாலும் ஐரிஷ்காரர்களுக்குப் பல இடங்களில் வெறும் அயர்லாந்து என்றுதான் இருக்கும்.

அப்போது உதவுவது முதற்பெயர். தென் அயர்லாந்தில் ஐரிஷ் பெயர்களை ஆங்கிலமாக்கியதில் ஒரு நிலையான வழக்கம் இருந்தது. தைக் என்பவர் டிமோதி ஆனார். டியர்மட் ஜெரமையா, கோனஹர் கொர்னேலியஸ், டோனக் டெனிஸ், டோனல் டேனியல். ஒரு லண்டன் குடும்பத்தில் தந்தை கொர்னேலியஸ், மகன்கள் ஜெரமையா, டிமோதி, டெனிஸ் என்று வரிசையாக வந்தால் மேற்குக் கார்க் பக்கம் கையை நீட்டலாம். ஒரே ஒரு ஜெரமையாவை வைத்து முடிவு எடுக்கக் கூடாது. பைபிள் பெயர்களை விரும்பிய ஆங்கிலச் சீர்திருத்த சபையாரும் ஜெரமையா என்று வைத்தார்கள். முழு வரிசையைப் பாருங்கள், கூடவே எந்தக் கோயிலில் திருமணம் நடந்தது என்றும் பாருங்கள்.

பெயர் வைக்கும் முறையும் துணை செய்யும். முதல் மகனுக்குத் தந்தையின் தந்தை பெயர், இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயர். இது வழக்கம்தான், சட்டம் அல்ல. ஊகத்துக்கு வைத்துக்கொள்ளலாம், சான்றாக எழுதக் கூடாது.

ஆங்கிலக் குடும்பங்களுக்கு ஏடு இன்னும் ஆழமாகப் போகும். திருச்சபைப் பதிவேடுகள் 1538இல் ஆணையிடப்பட்டவை, குடிமைப் பதிவு 1837 முதல். இங்கிலாந்துப் பொதுப் பதிவகத்தின் புதிய இணைய அட்டவணையில் 1837 முதலே தாயின் பிறந்தவீட்டுப் பெயர் கிடைக்கிறது. பழைய அச்சு அட்டவணையில் அது 1911 செப்டம்பரிலிருந்துதான். காலின்ஸ் போன்ற பரவலான பெயருக்கு இந்த ஒரு விவரமே வாரக்கணக்கான வேலையை மிச்சப்படுத்தும்.

இரண்டாம் கட்டம்: பங்காளிச் சோதனை

ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும், குடும்பப்பெயரும் அதே வழியில் போகும். ஆகவே இந்தச் சோதனை பங்காளிகளைக் காட்டும், மாமன் மச்சானைக் காட்டாது. பெண் ஒருவர் தன் பிறந்தவீட்டு வழியைத் தேடினால் தந்தையோ உடன்பிறந்தவரோ சித்தப்பாவோ சித்தப்பாவின் மகனோ மாதிரி கொடுக்க வேண்டும். இதற்கென ஒப்பீட்டுத் தரவுத்தளம் பெரிதாக இருப்பது ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ என்ற நிறுவனத்தில். ஆன்செஸ்ட்ரி, மைஹெரிட்டேஜ் சோதனைகள் இந்த ஒப்பீட்டைச் செய்வதில்லை.

மாதிரி எடுக்கும் முன் ஒரு மணி நேரம் உண்ணாமல் குடிக்காமல் இருப்பது நல்லது. குச்சியைக் கன்னத்தின் உட்புறத்தில் ஏறத்தாழ ஒரு நிமிடம் அழுத்தித் தேய்க்க வேண்டும். இரண்டு குச்சிக்கும் வேறு வேறு கன்னம். முதியவர்களிடம் வாய் உலர்ந்திருப்பதால் திசு குறைவாக வரும். அவர்கள் முதலில் தண்ணீரில் கொப்பளித்து ஒரு மணி நேரம் காத்திருக்கட்டும். இரண்டு பேர் மாதிரியை ஒரே நாளில் எடுத்தால் குழாயில் உடனே பெயர் எழுதுங்கள். மாறிப்போனால் பிறகு கண்டுபிடிக்க முடியாது.

ஒய் குரோமோசோமில் 37 இடங்களை, அதாவது குறிகளை, ஒப்பிடும் சோதனை ஒய்-37. அதற்குக் கீழே போவதில் பயனில்லை. 12 குறிகளில் ஒத்துப்போனது என்று காட்டும் பழைய பட்டியலில், அயர்லாந்தில் பொதுவான ஆர்-எல்21 என்ற ஒய் குரோமோசோம் பிரிவுக்காரருக்கு நூற்றுக்கணக்கான வேறு குடும்பப்பெயர்கள் வந்து நிற்கும். அது உறவு அல்ல, தற்செயல் ஒற்றுமை. 37 குறிகளில் 4 வேறுபாடு வரையும், 111 குறிகளில் 10 வேறுபாடு வரையும் பொருத்தமாகப் பட்டியலில் காட்டப்படும். ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். சிடிஒய், டிஒய்எஸ்449, 570, 576 ஆகியவை வேகமாக மாறும் குறிகள். அவற்றில் வரும் வேறுபாடு பெரிதல்ல. மெதுவாக மாறும் குறிகளில் இரண்டு வேறுபாடு இருந்தால் கவலைப்பட வேண்டும். கையால் கணக்கிடும்போது டிஒய்எஸ்389இல் தவறு வரும். அதன் இரண்டாம் எண்ணுக்குள் முதல் எண்ணும் அடங்கியிருப்பதால் ஒரே மாற்றத்தை இருமுறை எண்ணிவிடுவோம். கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

ஒருவரைச் சோதித்தால் எதுவும் நிரூபணமாகாது. ஏட்டின்படி ஒரே மூதாதையிலிருந்து பிரிந்த, மூன்றாம் நான்காம் தலைமுறைப் பங்காளிகளான இரண்டு ஆண்களைத் தேர்ந்தெடுங்கள். இருவரும் ஒத்துப்போனால் அந்த மூதாதை வரை கொடி உறுதி. அண்ணன் தம்பி இருவரைச் சோதிப்பது பணத்தை வீணாக்குவது.

ஒத்துப்போகாவிட்டால்? தத்து, தாயின் பெயரை எடுத்தல், சொத்துக்காகப் பெயர் மாற்றுதல், தலைவரின் பெயரைக் குடிகள் ஏற்றல் என்று காரணங்கள் பல. இப்படிக் கொடி அறுவது ஒரு தலைமுறைக்கு 1 முதல் 2 சதவீதம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். கேட்கச் சிறிது. ஆனால் ஐரிஷ் பெயர் 1000 ஆண்டு, அதாவது ஏறத்தாழ 30 தலைமுறை பழையது. 1 சதவீதம் என்றால் 26 சதவீதக் கொடிகள் இடையில் அறுந்திருக்கும். 2 சதவீதம் என்றால் 45. இந்தக் கணக்கை மாதிரி கொடுப்பவரிடம் முன்பே சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கிவிட வேண்டும். பிறகு சொல்வது நியாயமில்லை.

முடிவை வாசிக்கும் முறை

ஆர்-எல்21 வந்தால் அயர்லாந்து, ஆர்-யூ106 அல்லது ஐ1 வந்தால் இங்கிலாந்து என்று பிரிக்கிறவர்கள் உண்டு. பாதி உண்மைதான் இது. ராத்லின் தீவில் கிடைத்த வெண்கலக் கால ஆண்கள் மூவரின் எலும்புகளிலேயே ஆர்-எல்21 இருந்தது, ஏறத்தாழ 4000 ஆண்டுப் பழமை. ஆனால் வேல்ஸிலும் கார்ன்வாலிலும் மேற்கு இங்கிலாந்திலும் அது நிறைய உண்டு. கார்ன்வால் காலின்ஸ் ஒருவருக்கு அது வந்தால் அவர் ஐரிஷ்காரர் ஆகிவிடமாட்டார். யூ106 கிழக்கு இங்கிலாந்திலும் நெதர்லாந்துப் பக்கமும் அதிகம், ஆனால் நார்மன்கள் வழியாகவும் பின்வந்த குடியேற்றங்கள் வழியாகவும் கார்க்கிலும் இருக்கலாம்.

பெயரும் குரோமோசோமும் சேர்ந்து நடப்பதற்குச் சான்று நிறையவே இருக்கிறது. 2000இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் அயர்லாந்து ஆண்களைக் குடும்பப்பெயரின் மூலத்தை வைத்துப் பிரித்தார்கள். கொனாக்ட் பகுதியில் கேலிக் பெயர் உள்ளவர்களில் 98 சதவீதத்துக்கு மேல் ஒரே பெரும்பிரிவு. ஆங்கிலப் பெயர் உள்ளவர்களில் அது கணிசமாகக் குறைந்தது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2009இல் 40 ஆங்கிலப் பெயர்களைப் பார்த்தபோது, அட்டன்பரோ போன்ற அரிய பெயர்க்காரர்கள் பெரும்பாலும் ஒரே கொடியாக இருந்தார்கள். ஸ்மித்கள் சிதறிக் கிடந்தார்கள். ஆங்கிலக் காலின்ஸில் ஸ்மித் போன்ற சிதறலையே எதிர்பார்க்க வேண்டும். ஐரிஷ் காலின்ஸில் சில பெரிய கொத்துகளை எதிர்பார்க்கலாம். தென் அயர்லாந்தில், குறிப்பாகக் கார்க், கெர்ரி பக்கம், சிடிஎஸ்4466 என்ற கிளை பரவலாக இருக்கிறது, ஆனால் அதையும் குடும்பப்பெயரின் முத்திரையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கிளை குடும்பப்பெயர்கள் தோன்றுவதற்கு மிக முன்பே கிளைத்தது.

துல்லியம் வேண்டுமானால் ஒய் குரோமோசோமை இன்னும் விரிவாக வாசிக்கும் பிக் ஒய்-700 சோதனை. இதில் சராசரியாக 80 முதல் 90 ஆண்டுக்கு ஒரு புதிய மாற்றம் பிடிபடும். 1000 ஆண்டுக்கு முன் பிரிந்த இருவரிடம் ஆளுக்கு 12 தனி மாற்றங்கள் அளவில் இருக்க வேண்டும். ஆளுக்கு 3 அல்லது 4 என்றால் பிரிவு அண்மையது, ஏட்டிலேயே இணைப்பு கிடைக்கலாம். பிரிவு நடந்ததாகத் தளம் காட்டும் ஒற்றை ஆண்டை எழுதிவைக்காதீர்கள், அதன் 95 சதவீத எல்லைகள் இரண்டையும் எழுதுங்கள். பல நூற்றாண்டு அகலம் இருக்கும்.

இனச் சதவீதம் காட்டும் சாதாரணச் சோதனை குடும்பப்பெயரைப் பற்றி எதுவும் சொல்லாது. ஏழு தலைமுறைக்கு முந்தைய ஒரு காலின்ஸின் பங்கு சராசரியாக 128இல் 1தான், அது முழுதும் காணாமலும் போகலாம். ஆனால் அண்மை உறவைச் சரிபார்க்க அது நல்ல கருவி. மூன்றாம் நிலை உறவினர்களிடம் (தேர்ட் கசின்) பொதுவான மரபணுத் துண்டுகளின் நீளம் சராசரி 73 சென்டிமார்கன், நான்காம் நிலையில் 35. நான்காம் நிலையில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் பொதுத்துண்டே இருக்காது. மேற்குக் கார்க் குடும்பங்கள் ஒரே பங்குக்குள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டு கொடுத்தவை என்பதால் 15 சென்டிமார்கனுக்குக் கீழான பொருத்தங்களை அங்கே ஒதுக்கிவிடுகிறோம்.

இப்போதைய நிலை

எங்கள் அட்டவணையில் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு வரி: மாதிரி எண், ஆண்வழியில் தெரிந்த கடைசி மூதாதை, பிறந்த ஆண்டு, டவுன்லாந்து, பங்கு, ஏட்டில் வரும் எல்லா எழுத்துக்கூட்டல்கள், கிளை. மூதாதை பத்தியில்தான் அதிகப் பிழை. தாய்வழியில் தெரிந்த மிகப் பழையவரை எழுதிவிடுகிறார்கள். பெண் பெயர் இருந்தால் உடனே திருப்பி அனுப்ப வேண்டும். ஐரிஷ் மொழியில் நிரப்பிய 1911 படிவங்களில் மகள் நீ ஹுலான் என்றும் மனைவி பன் ஈ ஹுலான் என்றும் இருப்பார்கள். ஓ குலான் என்று மட்டும் தேடினால் இவர்கள் விடுபடுவார்கள்.

அடுத்து ஓ டோனவன்களோடு ஒப்பீடு. அவர்களும் லிமெரிக்கின் ஈ கார்ப்ரே பகுதியிலிருந்து மேற்குக் கார்க்குக்கு இறங்கியவர்கள். கார்க்கின் கார்பெரி என்ற நிலப்பிரிவே அவர்கள் கொண்டுவந்த பெயர். பழைய வம்சாவளிகள் இரண்டு குலத்தையும் ஒரே அடிமரத்தில், ஏறத்தாழ 1500 ஆண்டுக்கு முன் சேர்க்கின்றன. அது உண்மையானால் டவுன்லாந்து உறுதியான ஒரு காலின்ஸுக்கும் ஒரு டோனவனுக்கும் ஆளுக்கு 18 அளவில் தனி மாற்றங்களும், அதற்கு மேலே இருவருக்கும் பொதுவான ஒரு கிளையும் தெரிய வேண்டும். கிளை அதற்கும் பல ஆயிரம் ஆண்டு முன்பே பிரிந்திருந்தால் அந்த வம்சாவளி அரசியலுக்காகத் தைத்தது. இரண்டு பக்கமும் ஏடு முடிந்த குடும்பங்களிடம் மட்டும் மாதிரி கேட்கிறோம், ஊர் தெரியாதவர்களை இந்தச் சுற்றில் சேர்க்கவில்லை.